ரோஜாப் பாத்தியில் கிடைத்த பீங்கான் பையன்

"முதல்ல கவுத்துப் பாருய்யா." இந்தத் தொழிலில் என் காதில் விழுந்த முதல் பாடம் இதுதான். சென்னையில் ஓர் ஏலக்கடையில் பழைய சாமான்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேலாளர் சொன்னது. கடிகாரமோ, பீங்கானோ, பித்தளைக் கூஜாவோ, அழகை அப்புறம் ரசி, முதலில் அடியைப் பார், செய்தவனுடைய குறி அங்கேதான் இருக்கும் என்பார். அவருக்கு அது நாளடைவில் வியாதியாகவே முற்றிவிட்டது. கல்யாண வீட்டில் பாயசம் குடித்து முடித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த ஏலக்கூடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மெழுகெண்ணெய் வாசனை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வருவதற்கு முன், உயரத்தில் சுற்றும் மின்விசிறியின் கீழே நானும் அவரும் மட்டும் ஒவ்வொரு சாமானாகக் கவிழ்த்துக்கொண்டே போவோம். அவர் குறியைப் பார்த்து ஊர் பேரைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலைகள் அதிகம் இருந்ததில்லை. அவர் இப்போது இல்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் நீங்கள் போனில் குறியைப் படம் பிடித்து அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். சிரிக்காதீர்கள், நானும் அப்படித் தேடியவன்தான். குறியே இல்லாத சாமான் ஒன்று கையில் வரும்போதுதான் நம் வண்டவாளம் தெரியும். அப்படி ஒன்று எனக்கு வந்தது, அதுவும் வேலையெல்லாம் முடித்துவிட்டு வேலூருக்கே திரும்பி வந்த பிறகு.

ஆம்பூரிலிருந்து நஸீர் பாய் என்பவர் கூப்பிட்டார். பழைய தோல் வியாபாரக் குடும்பம். அப்பா காலத்துத் தோல் பதனிடும் டேனரியை மூடிக் கிடங்காக்கிவிட்டு, அதை ஒட்டிய பங்களாவில் தாயாரோடு இருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும்.

"சார், தண்ணி பைப்பு போட தோட்டத்துல ரோஜா பாத்திய தோண்டினோம். ஒரு பீங்கான் பொம்ம கெடச்சிது. அதப் பாத்ததிலேருந்து எங்க அம்மி ஒரு வாய் சோறு சாப்பிடல. வெவரம் தெரிஞ்சவங்க வந்து இது இன்னான்னு சொல்ற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு ஒரே பேஜார் சார்."

ஒரு பொம்மைக்காக அவர் அம்மி, எண்பது வயதுத் தாயார், ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

கூடத்தில் பிரம்பு நாற்காலியில் நஸீர் பாயின் தாயார், அந்தப் பெரியம்மா, உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில், வாசல் ஓரமாக, அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போக ஆயத்தமாக இருப்பவள் மாதிரி. பெயர் கன்னியம்மா என்றார்கள். நஸீர் பாய் காரை அனுப்பிக் கூட்டிவந்திருக்கிறார்.

விஷயத்தைப் பெரியம்மாவே சொன்னார். அவர் கணவர் காலத்தில் தோல் வாங்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஒரு ஜோடிப் பீங்கான் பொம்மைகளைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். பூக்கூடை வைத்திருக்கும் பெண் ஒன்று, குழல் ஊதும் பையன் ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் பையன் காணாமல் போய்விட்டான். அப்போது வீட்டு வேலைக்கு இருந்தவள் கன்னியம்மா.

"இவதான் எடுத்தான்னு சொன்னது நான்தான்," என்றார் பெரியம்மா. "இது அந்தப் பொம்மன்னா, நான் இவகிட்ட மாஃப் கேக்கணும். இவ மன்னிக்காம அல்லா என்ன மன்னிக்க மாட்டான். அதனாலதான் உங்கள வரச்சொன்னது. சரியா பாத்து சொல்லுங்க."

இப்படி ஒரு வேலை அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. எல்லோரும் என்ன தேறும் என்றுதான் கேட்பார்கள். இங்கே ஒரு கிழவியின் மறுமையும் ஒருத்தியின் மானமும் என் வாய்ச்சொல்லில் இருந்தன. நான் பயந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

பொம்மையைப் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு சாண் உயரம். இரண்டு கைகளும் உடைந்துபோய் தோளில் பொந்துதான் இருந்தது. வண்ணம் முழுக்கப் போய்விட்டது. குழல் ஊதினானா, கும்பிட்டானா என்று சொல்ல வழியில்லை. வழக்கம்போலக் கவிழ்த்தேன். ஈரப் பஞ்சால் அடியின் நடுப்பகுதியை மட்டும் துடைத்தேன். குறி இல்லை. எண்கூட இல்லை. அலமாரியிலிருந்த பெண் பொம்மையை வாங்கிக் கவிழ்த்தேன். அதன் அடியில் வட்டமாக ஒரு பச்சைத் தோல் துண்டு ஒட்டியிருந்தது. குறி இருந்தாலும் மறைத்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. தோலை உரிக்க மனமில்லாமல் திருப்பி வைத்துவிட்டேன்.

அப்புறம் கறையைப் பார்த்தேன். உடைந்த தோள்பட்டையிலும், மெருகு பூசாத அடி விளிம்பிலும் நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில் கறை ஏறியிருந்தது. நல்ல பீங்கான் லேசில் கறையை வாங்காது. மெருகில்லாத இடத்தில்கூட இவ்வளவு ஆழமாக ஏற வேண்டுமானால் மண்ணில் நூறு வருஷமாவது கிடந்திருக்க வேண்டும். இது என் மேலாளர் சொல்லித் தந்த கணக்கு. நானும் எத்தனையோ சாமானில் சரிபார்த்த கணக்கு.

"இந்த பங்களா கட்டி எத்தன வருஷமாச்சு?" என்று கேட்டேன்.

"எழுவது இருக்கும் சார்," என்றார் நஸீர் பாய்.

"அப்ப இது பங்களாவுக்கு முந்தி மண்ணுக்குள்ள போனது. உங்க ஜோடி இல்ல."

நஸீர் பாய் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தாய் தப்புச் செய்யவில்லை என்ற நிம்மதி. யார் பிள்ளைக்குத்தான் அது இருக்காது! பெரியம்மா மட்டும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாவை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

அவள் எழுந்து வந்தாள். பொம்மையைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"சார், இது மண்ணுக் கற இல்ல. பட்டக் கற."

"இன்னா பட்ட?" என்று கேட்டேன்.

"ஆவாரம்பட்ட சார். தோலு ஊற வெக்கறது. இந்த ஊட்ட விட்டு போனப்பறம் பதினாறு வருஷம் டேனரியில பட்ட சொமந்தேன். நாலு நாள் அந்தத் தண்ணியில கை வெச்சா நகம் இந்தக் கலருதான். ஊறி முடிஞ்ச சக்கய வண்டி வண்டியா கொண்டாந்து இந்தத் தோட்டத்துலதான் கொட்டுவாங்க, ரோஜாவுக்கு. நான் இங்க வேலைக்கி இருந்தப்ப பாத்ததுதான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்காருங்கம்மா, இன்னும் சொல்லுங்க என்றிருக்க வேண்டும். அவளுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் முப்பத்தாறு வருஷமா இதே வேலையா இருக்கேம்மா," என்றேன்.

"சரிங்க சார்," என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்று நஸீர் பாய் பின்னாலேயே ஓடினார். அவள் திரும்பவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். விரிஞ்சிபுரம் தாண்டும்போது அந்த "சரிங்க சார்" மறுபடி காதில் விழுந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பழகிப்போனவள் சொன்ன சரி அது. இதே மாதிரி முன்னாலும் ஒருமுறை இதே வீட்டில் சரி என்று சொல்லிவிட்டுப் போனவள். வேலூரில் இறங்கியதும் நேராக நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஆவாரம்பட்டை வாங்கினேன்.

வீட்டில் ஒரு பீங்கான் சாஸரை உடைத்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டையை இடித்துக் கொதிக்கவைத்து, வாளியில் செம்மண்ணோடு கலந்து, உடைந்த துண்டுகளை அதற்குள் புதைத்தேன். தினமும் காலையில் ஒன்றை எடுத்துக் கழுவிப் பார்ப்பேன். மூன்றாம் நாள் லேசான மஞ்சள். ஆறாம் நாள் தேயிலை நிறம். பத்தாம் நாள் எடுத்த துண்டை எவ்வளவு தேய்த்தாலும் கறை போகவில்லை. காப்பிக்கொட்டை நிறத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பத்து நாளில் இவ்வளவு என்றால் முப்பது வருஷத்துக்குக் கேட்கவா வேண்டும்?

என் மேலாளரின் கணக்கு பொய்யில்லை. அது மற்ற ஊர் மண்ணுக்கான கணக்கு. தோல் ஊரின் மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் என் எதிரில் நின்று சொன்னாள், நான் என் வருஷக் கணக்கைக் காட்டி அவள் வாயை அடைத்தேன். வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த எனக்கு அன்று வந்த வெட்கம் லேசுப்பட்டதல்ல.

ஆனால் கறை நூறு வருஷத்துக்கு முந்தையதல்ல என்று ஆனதே தவிர, அது அந்த ஜோடிப் பையன்தான் என்று இன்னும் ஆகவில்லை. இந்த முறை பங்களாவுக்குப் போகவில்லை. கன்னியம்மா வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு சின்னத் தெரு. ஞாயிற்றுக்கிழமை. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் மகள்தான் கதவைத் திறந்தாள்.

"நீங்கதான் அந்த பொம்ம பாக்கறவரா?" என்றாள். "எங்கம்மாவ ரெண்டு தடவ திருடியாக்கினது போதாதா சார்? நான் ஸ்கூல் படிக்கும்போது என்ன பொம்மக்காரி மகள்னு கூப்டுவாங்க. அதுக்காக ஒருத்தி மண்டைய ஒடச்சிட்டு டிசி வாங்கினவ நானு."

"திட்டுங்க," என்றேன். "ஆனா நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "உக்காருங்க சார்," என்றாள்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "அந்த பொம்மைய தெனம் தொடச்சவங்க நீங்க. அது எப்பிடி இருக்கும்னு சொல்லுங்கம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கைகள் தானாக எதையோ தூக்கிப் பிடித்தன. "நீலக் குல்லா. எடது கால் முன்னால வெச்சிருப்பான். குல்லாவுக்குப் பின்னால ஒரு எறகு, அது மொனையில துணி மாட்டிக்கும், பாத்துப் பாத்துத் தொடைக்கணும். அடியில பச்சத் தோலு. ஷோகேஸ் கண்ணாடி கீறக்கூடாதுன்னு பெரியய்யா சாம்பிள் தோலுல வெட்டி ரெண்டுக்கும் ஒட்டினாரு. சாம்பிள் வெட்டற மிசின்ல வெட்டினதால ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தத் தோல் துண்டைப் பார்த்துத்தானே எரிச்சல்பட்டேன்!

"பொம்ம காணாம போனத யார் மொதல்ல பாத்தாங்க?"

"நான்தான் சார். பெருநாளைக்கி வெள்ளையடிச்சி முடிச்சி சாமானெல்லாம் திருப்பி அடுக்கினேன். அம்மா, ஒண்ணு கம்மியா இருக்குதுன்னு நான்தான் போயி சொன்னேன். அம்மா என்னையே பாத்தாங்க. வாசக் கேட்டாண்ட நிக்க வெச்சி, எல்லாரும் பாக்க, மடிய ஒதறிட்டுப் போடின்னாங்க. ஒதறிக் காட்டிட்டு வந்தேன். அப்பறம் அந்தப் பக்கத்துல ஒரு ஊட்லயும் என்ன வேலைக்கி சேத்துக்கல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாயையும் மகளையும் கெஞ்சி என்னோடு அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன்.

பெரியம்மா அதே நாற்காலியில் இருந்தார். பதினைந்து நாளில் பாதியாகியிருந்தார். என் தீர்ப்பு அவருக்கு நிம்மதி தரவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. "நான் போன தடவ சொன்னது தப்பு," என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நஸீர் பாயின் முகம் மாறியது. பாவம், அவரை நான் பார்க்க விரும்பவில்லை.

ஒரு தட்டில் தண்ணீர் வாங்கிப் பொம்மையின் அடியை முழுக்கக் கழுவினேன். விளிம்பு மண் கரையக் கரைய, பழுப்புக் கறைக்கு நடுவில் வெளிர் வட்டம் ஒன்று தெரிந்தது. தோல் மக்கிப்போயிருந்தது. ஆனால் அது ஒட்டியிருந்த இடத்தில் பசை கறையை ஏறவிடாமல் காத்திருந்தது. வட்டத்தின் ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருந்தது. பெண் பொம்மையின் பச்சைத் தோலை மெல்லிய தாளில் படியெடுத்து அதன்மேல் வைத்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. குல்லாவின் பின்பக்கம் இறகு ஒடிந்த தழும்பு. முன்னால் வைத்த இடது கால். முதல் நாள் நான் நடுவில் மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன், செய்தவன் குறியைத் தேடிய அவசரத்தில்.

பொம்மையைத் திருப்பியபோது தோள் பொந்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தட்டில் விழுந்தது. சுவரிலிருந்து சுரண்டிய சுண்ணாம்புச் சில்லு. உடைத்துப் பார்த்தால் வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, மறுபடி வெள்ளை என்று அடுக்கடுக்காக இருந்தது. நான் அதைப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அந்த வருஷம் செவுரெல்லாம் சொரண்டி வெள்ளையடிச்சோம்," என்றார். "ஷோகேஸ் சாமானயெல்லாம் பேப்பர்ல சுத்தி கீழ வெச்சிருந்தோம். சுண்ணாம்பு, கிழிஞ்ச பேப்பர், எல்லாம் கூடம் முழுக்க கெடந்திச்சு. எல்லாத்தையும் வாரி தோட்டத்து குழியில கொட்டுங்கடான்னு ஆளுங்கள வெரட்டினேன். நஸீர், கொட்டச் சொன்னவ நான்தாண்டா."

யாரும் திருடவில்லை. யாரும் ஒளித்துப் புதைக்கவும் இல்லை. காகிதத்தில் சுற்றிய பையன் குப்பையோடு குழிக்குப் போயிருக்கிறான். மேலே பட்டைச் சக்கையைக் கொட்டி ரோஜா வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மா எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையைக் கூப்பினார். "கன்னியம்மா, என்ன மாஃப் பண்ணும்மா."

நீங்க பெரியவங்க, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை.

"தேடிப் பாருடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே அந்தக் குப்பையில எறங்கித் தேடியிருப்பேம்மா," என்றாள். பெரியம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான் அங்கேயே உட்கார்ந்து சான்று எழுதினேன். செய்தவர்: தெரியவில்லை. குறி: இல்லை. காலம்: உறுதியாகச் சொல்ல இயலாது. மதிப்பு: கைகள் உடைந்திருப்பதால் சொற்பம். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே மோசமான சான்று அதுதான், அந்த நாலு வரியை மட்டும் பார்த்தால். அதற்குக் கீழே குறிப்பு என்று போட்டு, "இந்தப் பொருள் இந்த வீட்டைவிட்டு ஒருபோதும் வெளியே போகவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு பிரதி. கன்னியம்மாவின் மகள் தன் தாயின் பிரதியை வாங்கி, கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

குறியைத் தேடுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சாமானை நிஜமாக அறிந்தவர்கள் அதைச் செய்தவனும் அதைத் தினம் துடைத்தவளும்தான். செய்தவன் எங்கேயோ ஜெர்மனியில் செத்துப்போயிருப்பான். துடைத்தவள் உங்கள் எதிரிலேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கலாம். அவளுக்கு இதில் ஆதாயம் இருக்கிறதென்று அவளைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

புறப்படும்போது கன்னியம்மா ஒரு துணியை எடுத்துப் பொம்மையின் ஈரத்தைத் துடைத்து, அலமாரியில் பெண்ணுக்கு இடது பக்கம் நிற்க வைத்தாள். பிறகு வாசலில் இறங்கி நடந்தாள். பெரியம்மா நஸீர் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தார்.

கேட்டில் கன்னியம்மா நின்றாள். திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, மடியை விரித்து, நிதானமாக இரண்டு முறை உதறிக் காட்டினாள். "பாத்துக்கோங்கம்மா," என்றாள்.

பெரியம்மா மகனின் தோளை விட்டார். ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து அவள் அருகில் போனார். தொங்கிக்கொண்டிருந்த முந்தானையைப் பிடித்து, மடித்து, அவள் இடுப்பில் தானே செருகிவிட்டார். முதல் தடவை அது நிற்கவில்லை. மறுபடி செருகினார். கன்னியம்மா தடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.